ஒற்றை விமானிக்கு ஏற்ற ஜெட் எது?

கிண்டி ரயில் நிலையப் பக்கம் நின்று வானத்தைப் பார்த்திருக்கிறீர்களா? மேற்குக் காற்று வீசும் நாட்களில் விமானங்கள் கடற்பக்கமிருந்து வந்து, கிண்டியைத் தாழ்வாகக் கடந்து, மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதையில் மேற்கு நோக்கி இறங்குகின்றன. இறங்கும் விமானம் தரையோடு ஏறத்தாழ 3 பாகைக் கோணத்தில் சரிந்து வரும். ஓடுபாதையின் கிழக்கு முனை இங்கிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆகவே கிண்டியைக் கடக்கும்போது விமானத்தின் உயரம் சுமார் 170 மீட்டர்தான். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தைப் போல் மூன்று மடங்கு உயரம்கூட இல்லை!

அந்தக் கடைசி 3 கிலோமீட்டரில் விமானி அறையில் ஓய்வு என்பதே கிடையாது. வேகம் சரியா, சக்கரங்கள் இறங்கிவிட்டனவா, இறக்கைத் தட்டுகள் விரிந்தனவா, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது, கட்டுப்பாட்டுக் கோபுரம் என்ன சொல்கிறது என எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கவனிக்க வேண்டும். பெரிய பயணி விமானங்களில் இதற்கு இருவர் உண்டு. ஒருவர் விமானத்தை ஓட்டுவார். மற்றவர் ரேடியோவில் பேசுவார், சரிபார்ப்புப் பட்டியலைப் படிப்பார், ஓட்டுபவரின் பிழையைச் சுட்டிக்காட்டுவார்.

ஆனால் ஒரே விமானி ஓட்டலாம் எனச் சான்று பெற்ற சிறு ஜெட் விமானங்களும் உலகில் உள்ளன. நாலைந்து பேரை ஏற்றிக்கொண்டு செல்லக் கூடியவை அவை. நீங்கள் வளர்ந்து விமானியாகி, அத்தகைய விமானம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? "மிக விரைவாகப் பறப்பதை" என்றுதான் பலரும் சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். அதற்கு முன் ஐந்து கேள்விகளைக் கேட்டாக வேண்டும். அவற்றுக்கான விடைகளைப் பள்ளியில் படித்த இயற்பியலைக் கொண்டே கண்டுபிடிக்கலாம்.

முதற் கேள்வி: எவ்வளவு மெதுவாகப் பறக்கும்?

விமானத்தைத் தாங்குவது இறக்கையில் தோன்றும் தூக்குவிசை. இது வேகத்தின் வர்க்கத்துக்கும் இறக்கையின் பரப்புக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். ஆகவே ஒவ்வொரு சதுர மீட்டர் இறக்கையும் சுமக்கும் எடை குறைந்தால், விமானம் மெதுவாகப் பறந்தாலும் விழாது.

நம் நாட்டு விமானங்கள் இரண்டை ஒப்பிடுவோம். ஒன்று, பிரிட்டனில் வடிவமைக்கப்பட்டுப் பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் கட்டப்பட்ட 'நேட்' என்னும் ஒற்றை இருக்கைப் போர் விமானம். மற்றொன்று, வி. எம். காட்கே தலைமையிலான குழு அதே தொழிற்சாலையில் வடிவமைத்த 'கிரண்' என்னும் பயிற்சி ஜெட். கிரண் முதன்முதலில் பறந்தது 1964 செப்டம்பர் 4 அன்று. சென்னைக்கு அருகே தாம்பரத்தில் உள்ள விமானப்படைப் பயிற்சி ஆசிரியர் பள்ளியிலும் அது நெடுங்காலம் பணியாற்றியது.

இரண்டும் நிறை சுமையோடு ஏறத்தாழ 4,000 கிலோ எடையுள்ளவை என்று வைத்துக்கொள்வோம். நேட்டின் இறக்கைப் பரப்பு சுமார் 12.7 சதுர மீட்டர். கிரணுடையது 19 சதுர மீட்டர். வகுத்துப் பாருங்கள். நேட்டில் ஒரு சதுர மீட்டர் சுமக்கும் எடை 315 கிலோ. கிரணில் 210 கிலோ. அதாவது நேட்டின் சுமை ஒன்றரை மடங்கு. மற்றவை எல்லாம் சமமாக இருந்தால், நேட் விழாமல் பறப்பதற்கு வேண்டிய மிகக் குறைந்த வேகம் கிரணைப் போல் 1.5-இன் வர்க்கமூலம், அதாவது 1.22 மடங்கு. நேட்டின் இறக்கை பின்னோக்கிச் சாய்ந்தது. அத்தகைய இறக்கை அதிவேகத்துக்கு ஏற்றது. மெதுவாகப் பறப்பதற்கு அவ்வளவு ஏற்றதன்று. ஆகவே உண்மையான வேறுபாடு இதைவிடவும் அதிகமாகவே இருக்கும்.

1965, 1971 ஆண்டுப் போர்களில் நேட் பெரும்புகழ் பெற்றது. சுறுசுறுப்பே அதன் பலம். விமானி கைப்பிடியைச் சிறிது அசைத்தாலும் அது சட்டென்று திரும்பும். சண்டையில் அது வரம். புதிதாக ஓட்டப் பழகுபவருக்கோ அதுவே இடர். கிரண் நிதானமானது, ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் அமரலாம், பின்னர் மாணவர் தனியாகவும் பறக்கலாம். இரண்டும் சிறிய ஜெட்கள்தாம். எடையும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆயினும் ஒன்று எளியது, மற்றது எளியதன்று.

மெதுவாக இறங்குவதால் என்ன லாபம்? கிண்டியிலிருந்தே கணக்கிடலாம். மணிக்கு 260 கி.மீ. வேகத்தில் வரும் பெரிய ஜெட், ஒரு விநாடியில் 72 மீட்டர் கடக்கும். 3 கிலோமீட்டருக்கு அது எடுத்துக்கொள்ளும் நேரம் 42 விநாடி. மணிக்கு 167 கி.மீ. வேகத்தில் இறங்கும் சிறு ஜெட்டுக்கு 65 விநாடி. ஒற்றை விமானிக்குச் சிந்திக்கக் கிடைத்த கூடுதல் நேரம் 23 விநாடி! அதோடு, இயக்க ஆற்றலும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரே நிறையுள்ள இரண்டு விமானங்களில் விரைவாக இறங்குவது, மெதுவாக இறங்குவதைப் போல் 2.4 மடங்கு ஆற்றலைப் பிரேக்கில் செலவிட்டாக வேண்டும்.

இரண்டாம் கேள்வி: தவறு செய்தால் மன்னிக்குமா?

காற்றை இறக்கை சந்திக்கும் கோணத்தைத் தாக்குகோணம் என்பர். விமானி மூக்கை மேலும் மேலும் உயர்த்தினால் இக்கோணம் கூடும்; ஓர் எல்லைவரை தூக்குவிசையும் கூடும். எல்லையைத் தாண்டினால் இறக்கையின் மேற்புறத்தில் ஒட்டி ஓடிய காற்று பிரிந்துவிடும். தூக்குவிசை திடீரெனக் குறையும். இதற்கு 'ஸ்டால்' என்று பெயர். எஞ்சின் நின்றுபோவதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

ஓர் இறக்கை மற்றதைவிட அதிகமாக ஸ்டால் ஆனால் விமானம் பம்பரம் போலச் சுழன்றுகொண்டே விழத் தொடங்கும். இதுவே 'ஸ்பின்'. மீள்வதற்குப் பொதுவான வழி, சுழற்சிக்கு எதிர்ப்பக்கமாகச் சுக்கானைத் திருப்பி, மூக்கைத் தாழ்த்துவது. ஆனால் விழும்போது வால்பகுதிக்கு நல்ல காற்று கிடைத்தால்தான் சுக்கான் வேலை செய்யும்.

இதை நன்கு உணர்த்துவது, கிரணுக்கு மாற்றாக உருவாக்கப்பட்ட 'சிதாரா' ஜெட்டின் கதை. அது 2003 மார்ச் 7 அன்று முதன்முதலில் பறந்தது. நேராகப் பறப்பதில் குறை தெரியவில்லை. ஸ்டால், ஸ்பின் சோதனைகளில்தான் சிக்கல் எழுந்தது. இடையில், 2011 ஏப்ரலில் ஒரு முன்மாதிரி விமானம் சோதனைப் பறப்பின்போது தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் விழுந்து நொறுங்கியது. விமானிகள் வெளியேறித் தப்பினர். பிறகு பொறியாளர்கள் செங்குத்து வாலைப் பின்னுக்கு நகர்த்தி, சுக்கானின் பரப்பையும் நீட்டினார்கள். மாற்றியமைத்த விமானம் 2019-இல் மீண்டும் பறந்தது. இடமும் வலமும் ஆறு சுற்றுகள் சுழன்று மீளும் திறனை அது காட்டிவிட்டதாக 2022 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. 2025-இல் அதற்கு 'யஷஸ்' என்னும் புதுப்பெயர் சூட்டப்பட்டது.

முதற்பறப்புக்கும் இந்த அறிவிப்புக்கும் இடையே ஏறத்தாழ 19 ஆண்டுகள்! மாணவர் கையில் கொடுக்கும் விமானம் நன்றாகப் பறந்தால் மட்டும் போதாது. தவறாக ஓட்டினாலும் மீண்டு வர வேண்டும். அதற்காகவே இத்தனை உழைப்பு.

பயணிகளுக்கான சிறு ஜெட்களில் வேறு வழியைக் கையாள்கிறார்கள். ஸ்டால் நெருங்கும்போது எச்சரிக்கை ஒலிக்கும். பலவற்றில் விமானியின் கைப்பிடியே அதிரும். அப்போதும் கவனிக்காவிட்டால் ஒரு பொறி தானாகவே மூக்கைக் கீழே தள்ளும்.

மூன்றாம் கேள்வி: எஞ்சின் நின்றால் என்ன ஆகும்?

கதவைக் கீலுக்கு அருகே தள்ளிப் பாருங்கள். பிறகு கைப்பிடி அருகே தள்ளிப் பாருங்கள். அதே விசை, தொலைவு கூடும்போது அதிகமாகத் திருப்புகிறது. விசையையும் தொலைவையும் பெருக்கினால் கிடைப்பது திருப்புத்திறன்.

இரண்டு எஞ்சின் உள்ள ஜெட்டில் ஒன்று நின்றால், மற்றது விமானத்தை ஒரு பக்கமாகத் திருப்பப் பார்க்கும். 750 கிலோ உந்துவிசை தரும் எஞ்சின், நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டர் தள்ளி இறக்கையின் கீழ் இருந்தால் திருப்புத்திறன் 2,250 கிலோ-மீட்டர். அதே எஞ்சின் உடலின் பின்பக்கத்தில் 1.5 மீட்டர் தொலைவில் இருந்தால் பாதிதான். சிறு ஜெட்களில் எஞ்சின்களை உடலுக்கு ஒட்டினாற்போல் பின்னால் பொருத்துவதன் நன்மைகளுள் இதுவும் ஒன்று. விமானி காலால் சுக்கானை மிதித்துச் சமாளிக்க வேண்டிய வேலை குறைகிறது.

ஒரே எஞ்சின் நடுவில் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் அது நின்றுவிட்டால் விமானம் வெறும் மிதவை விமானமாகிவிடும்! அமெரிக்காவின் சிரஸ் நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. அதன் விஷன் ஜெட்டுக்கு முதுகின் மேல் ஒரே எஞ்சின். கூடவே, முழு விமானத்தையும் தாங்கி இறக்கும் பாராசூட். பயணி ஒருவர்கூடக் கைப்பிடியை இழுத்து அதை விரிக்கலாம்.

நான்காம் கேள்வி: எத்தனை வேலைகளை நினைவில் வைக்க வேண்டும்?

இதுதான் ஒற்றை விமானிக்கு மிக முக்கியமான கேள்வி. இதன் கடுமையை உணர்த்தும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியே ஆக வேண்டும்.

2014 டிசம்பர் 8. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கெய்தர்ஸ்பர்க் என்னும் ஊர். எம்ப்ரேர் ஃபீனம் 100 என்ற சிறு ஜெட்டை ஒரே விமானி ஓட்டிவந்தார். குளிர்ந்த மேகங்களின் ஊடே விமானம் இறங்கியது. இறக்கையில் பனிக்கட்டி படியத் தொடங்கியது. பனிக்கட்டி இறக்கையின் வடிவத்தைக் கெடுக்கும்; அதனால் வழக்கத்தைவிட அதிக வேகத்திலேயே ஸ்டால் நேர்ந்துவிடும். அதை நீக்கும் கருவி விமானத்தில் இருந்தது. ஆனால் அதன் சுவிட்ச் போடப்படவில்லை. ஓடுபாதைக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது விமானம் ஸ்டால் ஆகிக் குடியிருப்புப் பகுதியில் விழுந்தது. விமானத்தில் இருந்த மூவரும், கீழே ஒரு வீட்டில் இருந்த தாயும் இரண்டு குழந்தைகளும் மாண்டனர்.

விமானத்தின் எஞ்சினில் கோளாறு இல்லை. விட்டுப்போனது ஒரு சுவிட்ச்! ஒற்றை விமானி ஓட்டும் இத்தகைய ஜெட்களில், பனிநீக்கியைப் போட வேண்டிய நேரத்தில் விமானமே எச்சரிக்கும் ஏற்பாடு வேண்டும் என்று விசாரணைக் குழு பரிந்துரைத்தது.

"சென்னையில் ஏது பனிக்கட்டி?" என்று கேட்கிறீர்களா? மேலே செல்லச் செல்ல ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வெப்பநிலை சுமார் 6.5 பாகை செல்சியஸ் குறையும். கிண்டியில் 33 பாகை என்றால் 5 கிலோமீட்டர் உயரத்தில் ஏறத்தாழ சுழி பாகை. நம் ஊர் மேகங்களின் மேற்பகுதியும் உறைநிலைதான்.

ஆகவே எளிய ஜெட் என்பது விமானியின் தலையிலிருந்து வேலைகளை இறக்கிவைக்கும் ஜெட். இன்றைய சிறு ஜெட்களில் எஞ்சினுக்கு எரிபொருள் அளந்து விடுவதைக் கணிப்பொறி கவனிக்கிறது. விமானி நெம்புகோலை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகாமல் அது பார்த்துக்கொள்ளும். ஜெட் எஞ்சினுக்கு ஒரு குணம் உண்டு. நெம்புகோலைத் தள்ளியவுடன் முழு விசை வந்துவிடாது. சுழலி வேகம் பிடிக்கச் சில விநாடிகள் ஆகும். அந்தத் தாமதத்தையும் விமானி முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். தானியங்கி விமானி என்னும் கருவி உயரத்தையும் திசையையும் காத்துக்கொண்டால், மனிதருக்கு அப்படி எண்ணிப் பார்க்க நேரம் கிடைக்கிறது.

ஆனால் கருவியை அப்படியே நம்பிவிடவும் கூடாது. 2019 ஏப்ரலில் விஷன் ஜெட்கள் பறக்க அமெரிக்க அரசு தற்காலிகத் தடை விதித்தது. காரணம், தாக்குகோணத்தை அளக்கும் உணரியில் பழுது. விமானம் சரியாகப் பறந்துகொண்டிருக்கும்போதே "ஸ்டால் நெருங்குகிறது" என்று உணரி தவறாகச் சொல்ல, ஸ்டாலைத் தடுக்க வேண்டிய பொறி காரணமின்றி மூக்கைக் கீழே தள்ளிய நிகழ்ச்சிகள் நேர்ந்தன. உணரிகளை மாற்றிய பிறகே விமானங்கள் பறந்தன. கருவி பிழை செய்தால் அதை உணர்ந்து, நிறுத்தி, கையால் ஓட்டும் பழக்கமும் விமானிக்கு வேண்டும்.

ஐந்தாம் கேள்வி: விமானியே மயங்கினால்?

ஜெட் எஞ்சின் உயரத்தில்தான் சிக்கனமாக ஓடும். ஆனால் 40,000 அடி உயரத்தில் அறையின் காற்றழுத்தம் திடீரெனக் குறைந்தால், மனிதர் தெளிவாகச் செயல்படக் கிடைப்பது 15 முதல் 20 விநாடிகளே. 30,000 அடியில் ஒன்றிரண்டு நிமிடங்கள் கிடைக்கும். இருவர் இருந்தால் ஒருவர் தடுமாறினாலும் மற்றவர் காப்பாற்றலாம். தனியாக இருப்பவருக்கு அது இல்லை. அதனால்தான், தனியாக ஓட்டுபவர் 35,000 அடிக்கு மேல் எப்போதும் பிராணவாயு முகமூடி அணிந்தே இருக்க வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்கிறது.

விமானி நினைவிழந்தால்? 2020 முதல் சில சிறு விமானங்களில் ஓர் அவசரப் பொத்தான் வந்துள்ளது. விஷன் ஜெட் அவற்றுள் ஒன்று. பயணி அதை அழுத்தினால் போதும். கணிப்பொறி எரிபொருள், வானிலை, ஓடுபாதை நீளம் ஆகியவற்றைப் பார்த்து விமான நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, ரேடியோவில் அறிவித்து, விமானத்தை இறக்கி, எஞ்சினையும் நிறுத்திவிடும்.

இனி, தேர்வு

ஒற்றை விமானிக்குச் சான்று பெற்ற நான்கு ஜெட்களைப் பார்ப்போம். எண்கள் தோராயமானவை.

சிரஸ் விஷன்: 1 எஞ்சின்; உச்ச எடை 2,720 கிலோ; பயண வேகம் மணிக்கு 575 கி.மீ.; உயர வரம்பு 31,000 அடி.

செஸ்னா சைட்டேஷன் மஸ்டாங்: 2 எஞ்சின், 3,920 கிலோ, 630 கி.மீ.; 41,000 அடி. (இதன் உற்பத்தி 2017-இல் நின்றுவிட்டது.)

எம்ப்ரேர் ஃபீனம் 100: 2 எஞ்சின், 4,750 கிலோ, 720 கி.மீ.; 41,000 அடி.

ஹோண்டா ஜெட்: 2 எஞ்சின், இறக்கையின் மேல் தாங்கிகளில், 4,800 கிலோ, 780 கி.மீ.; 43,000 அடி.

வேகத்தை மட்டும் பார்த்தால் கடைசியில் உள்ளதே முதலிடம் பெறும். நம் ஐந்து கேள்விகளையும் கேட்டால் வரிசை மாறுகிறது. சென்னையிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 290 கி.மீ. வான்தொலைவு. மணிக்கு 780 கி.மீ. வேகத்தில் 22 நிமிடம், 575 கி.மீ. வேகத்தில் 30 நிமிடம். மேலேறவும் இறங்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் இந்த வேறுபாடு இன்னும் சுருங்கும். இந்தச் சில நிமிடங்களுக்காக, புதிதாக ஜெட் ஓட்ட வருபவர் கனமான, விரைவான, மிக உயரமாகப் பறக்கும் விமானத்தைத் தனியே சமாளிக்க வேண்டுமா? முதல் ஜெட்டாக விஷன் போன்ற மெதுவான விமானமே பொருந்தும். நீண்ட கடற்பயணமும் உயர்ந்த மலைகளும் வழியில் இருந்தால் இரண்டு எஞ்சின் உள்ளதை நாடலாம். ஆனால் அதற்குரிய பயிற்சியும் பழக்கமும் முதலில் வந்திருக்க வேண்டும். எந்த ஜெட்டாயினும் அந்த வகைக்கெனத் தனித்தேர்வு எழுதி, பறந்து காட்டித் தகுதி பெற்ற பின்னரே ஓட்ட முடியும்.

வானிலை மோசமாக இருக்கும் நாளில் ஒற்றை விமானிக்கு ஐந்துக்கும் மேலாக ஆறாவது வழி ஒன்றும் உண்டு. இன்னொரு விமானியை உடன் அழைத்துச் செல்லலாம். அல்லது அன்று புறப்படாமலே இருக்கலாம். தனியாக ஓட்டலாம் என்று சான்றிதழ் சொல்வது அனுமதிதானே தவிரக் கட்டளை அன்று. ஓடுபாதைக்கு முன்னால் உள்ள வீடுகளிலும் பள்ளிகளிலும் இருப்பவர்களுக்கும் அந்த முடிவில் பங்கு உண்டு.

செய்து பாருங்கள்

1. தாளில் விமானம் மடித்து, மூக்கில் ஒரு காகிதக் கவ்வியைச் செருகிப் பறக்கவிடுங்கள். பிறகு கவ்வியைச் சிறிது சிறிதாகப் பின்னுக்கு நகர்த்துங்கள். ஓரிடத்தில் விமானம் மூக்கைத் தூக்கி, தயங்கி, விழும். அதுவே ஸ்டால். எடை எங்கே இருக்கிறது என்பது ஏன் முக்கியம் என்று சிந்தியுங்கள்.

2. மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் இறங்கும் சிறு பயிற்சி விமானம், கிண்டியிலிருந்து ஓடுபாதையை அடைய எத்தனை விநாடி ஆகும்? (விடை: 90)

3. ஒரு விமானத்தின் எடையை மாற்றாமல் இறக்கைப் பரப்பை இரு மடங்காக்கினால், அதன் ஸ்டால் வேகம் எத்தனை மடங்காகும்? (விடை: ஏறத்தாழ 0.71)